மூச்சுக்கு அசைந்த எண்

பட்டறையில் அவளுக்குப் பிக்கோ என்று பெயர். ஆள் குள்ளமாக இருப்பதால் வைத்த பெயர் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி அவள் செய்கிற வேலை. ஓர் ஆம்பியர் மின்னோட்டத்தைக் கோடி கூறாக்கி, அதில் ஒரு கூறை மறுபடி லட்சம் கூறாக்கினால் மிஞ்சுகிற துளிக்குப் பிக்கோ ஆம்பியர் என்று பெயர். அந்த மாதிரித் துளிகளைத் தப்பாமல் சொட்டுகிற பெட்டிகளை வடிவமைப்பதுதான் அவள் பிழைப்பு.

அளக்கிற கருவி சரியாகத்தான் அளக்கிறதா என்று யார் அளப்பது? அதற்குத்தான் அவளுடைய பெட்டி. 'இதோ, இவ்வளவு கரண்ட் தருகிறேன், நீ எவ்வளவு காட்டுகிறாய், பார்க்கலாம்' என்று அது கருவியைக் கேட்கும். கருவி கூடக் குறையக் காட்டினால் திருத்திவிடுவார்கள். பெட்டியே கூடக் குறையக் கொடுத்தால் வேலியே பயிரை மேய்ந்த கதைதான். அதனால் அந்தப் பெட்டிகளை அவள் நம்பவே மாட்டாள். செய்து முடித்த பிறகும் மாதக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பாள்.

"நீ செய்யற கரண்ட்ல ஒரு கொசுவுக்குக்கூட ஷாக் அடிக்காதேக்கா. இதுக்கா சம்பளம் தர்றாங்க?" என்பான் அவள் தம்பி.

அவன் காய்கறிச் சந்தையில் ஏலம் கூறுகிறவன். அவன் வாயைத் திறந்தால் தக்காளிக் கூடை தானாகவே நகர்ந்து லாரியில் ஏறிக்கொள்ளும் என்று சந்தையில் சொல்வார்கள். கீழ்வீட்டில் அவனும் அவன் மனைவியும், மாடியில் அவள். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். விடியற்காலையில் அவன் கீழே தொண்டையைச் செருமினால் மாடியில் அவளுக்கு விழிப்பு வந்துவிடும். கடிகாரமே தேவையில்லை.

அந்தத் தொண்டைதான் கம்மிப்போனது. முதலில் சளி என்றார்கள், பிறகு கத்திக் கத்திப் புண்ணாகிவிட்டது என்றார்கள். கடைசியில் பெரிய மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்த்து, குரல்வளையில் கட்டி என்றார்கள். கதிர்ச் சிகிச்சையிலேயே கரைத்துவிடலாம் என்று டாக்டர் தைரியம் சொன்னார். ஆனால் ஒரு நிபந்தனை.

"நடுவுல ஒரு நாள்கூட விடக்கூடாது. நீங்க லீவு எடுத்தா கட்டி ஓவர்டைம் பார்க்கும்" என்றார்.

கதிர் எந்திரம் எவ்வளவு கதிர் பாய்ச்சுகிறது என்று பார்க்க அந்த மருத்துவமனையில் ஓர் அளவுமானி உண்டு. கதிர் பட்டதும் அதில் நூலிழை மாதிரி ஒரு மின்னோட்டம் பிறக்கும். அதைப் படித்துத்தான் எந்திரத்தின் அளவைச் சரிசெய்வார்கள். மழைக்காலத் தொடக்கத்தில் அந்த மானியைச் சோதித்துக் கொடுத்தது அவளுடைய பெட்டிதான். தம்பியை முதல் நாள் சிகிச்சைக்குக் கூட்டிப்போனபோது கொஞ்சம் பெருமையாகவே அதைச் சொன்னாள்.

"அப்ப என் தொண்டை உன் பொறுப்பு" என்றான் அவன்.

மூன்றாவது வாரத்தில் கழுத்துத் தோல் கறுத்தது. எச்சில் விழுங்கினால் நெருப்பை விழுங்குகிற மாதிரி இருந்தது. கஞ்சியை ஆற்றி ஆற்றி, கரண்டி கரண்டியாகக் கொடுத்தாள் மனைவி. இதெல்லாம் எல்லாருக்கும் வருவதுதான் என்றார்கள் செவிலியர்கள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு போய்வந்தான்.

அப்போது பட்டறையில் அவள் புதிய பெட்டி ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். பழைய பெட்டியில் கண்ணாடிக் கூட்டுக்குள் அடைத்த, மின்னோட்டத்தை ஏறக்குறைய முழுக்கத் தடுக்கிற ரெசிஸ்டர் ஒன்று உண்டு. அதன் வழியாக மின்னழுத்தத்தைக் கசியவிட்டால் வேண்டிய துளி கிடைக்கும். புதியதில் அதோடு வேறொரு வழியையும் சேர்த்திருந்தாள்: இரண்டு உலோகத் தகடுகளை நடுவில் காற்று மட்டும் இருக்கிற மாதிரி எதிரெதிரே நிறுத்தி, அவற்றின் மேல் மின்னழுத்தத்தை ஒரே சீராக ஏற்றிக்கொண்டே போவது. இரண்டு வழியில் வருகிற கரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால் நம்பலாம். ஒருவன் சொல்வதைவிட, முன்பின் தெரியாத இருவர் ஒரே சேதியைச் சொன்னால் நம்பிக்கை வரும் அல்லவா, அப்படி.

அடைமழை பிடித்த வாரத்தில் சோதனை அறையின் ஏசி நின்றுவிட்டது. மெக்கானிக் இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று இழுத்தடித்தான். சுவரெல்லாம் வேர்த்தது. அந்தப் புழுக்கத்திலும் வேலையை நிறுத்த மனமில்லாமல், புதிய பெட்டியையும் பழைய பெட்டியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஓட்டினாள். இரண்டும் ஒத்துப்போகவில்லை.

இரண்டும் அவள் பெற்ற பிள்ளைகள்தான். ஆனாலும் வீட்டுக்குப் புதிதாக வந்ததைத்தானே முதலில் சந்தேகிக்கத் தோன்றும்? புதியதைப் பிரித்தாள், கம்பிகளை மாற்றினாள், தகடுகளைத் துடைத்தாள், மறுபடி பூட்டினாள். அது சொன்னதையே சொன்னது. ஏசி சரியானதும் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்தவள், வேர்த்த சுவரைப் பார்த்து நின்று, பழைய பெட்டியின் மூடியைக் கழற்றினாள். கண்ணாடி ரெசிஸ்டர் பளபளவென்றுதான் இருந்தது. குனிந்து, கண்ணாடி துடைக்கும்போது ஊதுகிற மாதிரி அதன்மேல் ஹாவென்று ஒரு மூச்சு விட்டாள்.

திரையில் எண் ஏறியது.

காத்திருந்தாள். மெல்ல இறங்கியது. மறுபடி ஊதினாள். மறுபடி ஏறியது.

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது தெரிந்தது. ரெசிஸ்டரின் கால் மின்சுற்றுப் பலகையில் ஊன்றுகிற இடுக்கில், ஈயம் பற்றவைக்கும்போது தடவுகிற பசை கொஞ்சம் உறைந்து கிடந்தது. காய்ந்த நாளில் அது கல். எந்தத் தொந்தரவும் இல்லை. காற்றில் ஈரம் ஏறினால் அதுவும் ஈரத்தைக் குடித்து, கரண்ட் போக ஒரு திருட்டு வழியைத் திறந்துவிடும். சுத்தம் செய்யச் சொல்லி வரைபடத்தில் எழுதித்தான் இருந்தாள். ஆனால் அந்த இடுக்கில் தூரிகை நுழையாது. தூரிகை நுழையாத இடத்தில் அதை வைத்து வரைந்தவள் அவளேதான்.

பட்டறையிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைகளுக்குப் போய்வருகிற களப்பணியாளரைப் போனில் பிடித்தாள்.

"பெரிய ஆஸ்பத்திரியில மீட்டர் டெஸ்ட் பண்ணீங்களே, அன்னைக்கு ரூம்ல ஏசி ஓடிச்சா?"

"எங்க மேடம்! கரண்டே போயிடுச்சு. மெஷின்களுக்கு மட்டும் ஜெனரேட்டர் போட்டுக் குடுத்தாங்க. கீழ்த்தளம் வேற, வெளியில மழை. சட்டைய பிழிஞ்சா தண்ணி வரும். ஏன் மேடம்?"

அவள் போனை வைத்தாள். புழுக்கத்தில் பெட்டி கூடுதலாகக் கொடுத்த அளவை ஒரு தாளின் மூலையில் கணக்குப் போட்டாள். நூற்றுக்கு மூன்று. முதலாளி வெளியூர்ப் பயணத்தில் இருந்தார். இந்த மூன்று இப்போது உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். சுவரில் மணியைப் பார்த்தாள். தம்பியின் முறை வருகிற நேரம். குடையைக்கூட எடுக்காமல் கிளம்பினாள்.

மருத்துவமனையின் கீழ்த்தளத்துக்கு, நேராக இயற்பியலாளரின் அறைக்குப் போகலாம் என்றுதான் படியிறங்கினாள். மருத்துவமனையில் எந்திரத்தின் அளவுக்குப் பொறுப்பு அந்த அம்மாள்தான். ஆனால் நடைவழியில் நீல நாற்காலிகளின் வரிசையில் தம்பியும் அவன் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவளுடைய கால் அங்கே நின்றுவிட்டது. அவன் காதுக்கு இது வேறு யார் மூலமாகவும் போகக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உள்ளுக்குள் வேறோர் ஆசையும் இருந்தது. 'போய்ச் சொல்லுக்கா' என்று அவன் வாயாலேயே வந்துவிட்டால் பாரம் பாதியாகக் குறையும்.

"என்னக்கா, வேலையில்லியா?" அவன் குரல் சருகு மாதிரி வந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து, அவனுக்குப் புரிகிற பாஷையில் சொன்னாள். "எடைக்கல்லுல ஒரு கிலோன்னு எழுதியிருக்குன்னு வச்சுக்கோ. ஆனா உண்மையில கல்லு கொஞ்சம் கூட. அந்தக் கல்ல வச்சுத் தராச சரிபண்ணிட்டா, அதுக்கப்புறம் அந்தத் தராசுல நிறுக்கறது எல்லாமே கூடுதலாத்தான் போகும். அந்தக் கல்லு என்னோட பெட்டிடா. இங்க எல்லாருக்கும் கூடுதலா போய்க்கிட்டிருக்கு."

அவன் கறுத்த கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"எவ்வளவு கூட?"

"நூத்துக்கு மூணு இருக்கும்."

"நூறு கிலோவுக்கு மூணு கிலோ கூடப் போட்டா சந்தையில சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டுப் போவான்" என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு தொண்டையில் மாட்டிக்கொண்டு இருமலாக வந்தது.

"இது தக்காளி இல்லடா."

"சொன்னா என்ன செய்வாங்க?"

"மெஷின நிறுத்திடுவாங்க. வேற மீட்டர் கொண்டுவந்து சரிபார்க்கற வரைக்கும்."

"எத்தனை நாள்?"

"தெரியல."

தம்பி மனைவி அதுவரை தண்ணீர்ப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். "ஒரு நாள்கூட விடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே அண்ணி" என்றாள். பிறகு மெதுவாக, "இவருக்குத் தொண்டை இப்படி வெந்துபோச்சே, அது இதனாலயா?"

"தெரியலம்மா."

"எது கேட்டாலும் தெரியல தெரியலன்னா?"

அவன் மனைவியைக் கையமர்த்தினான். அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். சந்தையில் கூடை இழுத்துக் காய்த்துப்போன கை.

"அக்கா, எனக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி. நான் முடிச்சுக்கறேன். அப்புறமா சொல்லு. இத்தனை நாள் யாருக்கும் தெரியலையே, இன்னும் கொஞ்ச நாள்ல என்ன ஆயிடப்போகுது?"

அவள் நடைவழியைப் பார்த்தாள். தலையில் துணி கட்டிய ஒருத்தி கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். ஒரு பெரியவர் வாயைத் திறந்தபடி தூங்கினார். பள்ளிச் சீருடையோடு ஒரு பெண்பிள்ளை கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பென்சிலைக் கடித்தது. நாலைந்து பேருக்குத் தம்பியைப் போலவே கழுத்தில் மை அடையாளம். இவர்களில் யாருக்கு மூன்று ஒன்றுமில்லை, யாருக்கு மூன்று அதிகம் என்று அவளுக்குத் தெரியாது.

"நான் உன் தம்பிக்கா" என்றான் அவன்.

அதற்குள் ஊழியர் வந்து கூப்பிட்டார். அவன் உடை மாற்றிக்கொள்ளப் போனான். அவள் எழுந்து, நடைவழியின் கோடியில் இருந்த கதவைத் தட்டினாள்.

இயற்பியலாளர் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலாம்போல இருந்தது. "உங்க கணக்கு மேல உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை?" என்று மட்டும் கேட்டார்.

"மூணா, ரெண்டரையான்னு சந்தேகம் இருக்கு. கூடுதல்ங்கறதுல சந்தேகம் இல்ல."

அந்த அம்மாள் போனை எடுத்தார். "உள்ள யாராவது படுத்திருக்காங்களா? இல்லையா? அப்ப அடுத்தவங்கள அனுப்பாதீங்க."

அந்த அடுத்தவன் அவள் தம்பிதான். முதுகில் நாடா கட்டிய பச்சை அங்கியோடு, எந்திர அறையின் கனத்த கதவுக்கு முன்னால் நின்றிருந்தான். இன்றைக்கு இல்லை, சொல்லி அனுப்புகிறோம் என்று ஊழியர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே வந்தார். நடைவழியில் முணுமுணுப்பு எழுந்தது. இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தோமே என்றார் ஒருவர். கம்பளிக்காரி பின்னலைச் சுருட்டிப் பையில் வைத்தாள். தம்பி உடை மாற்றிக்கொண்டு வந்து, அக்கா ஒருத்தி அங்கே நிற்பதே தெரியாதவன் மாதிரி அவளைக் கடந்து படியேறினான். மனைவி மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று மாலை முதலாளி போனில் சத்தம் போட்டார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலியா உனக்கு?" பிறகு சத்தம் அடங்கி, "வேற எங்கெல்லாம் அந்தப் பெட்டி போயிருக்கு? நீ பாதிப் பேருக்குப் பேசு, நான் பாதிப் பேருக்குப் பேசறேன்" என்றார். அவள் ஒவ்வொரு இடமாகக் கூப்பிட்டாள். சிலர் நன்றி சொன்னார்கள். ஒருவர் வாய்க்கு வந்தபடி ஏசினார். அவர் பேசி முடிக்கும்வரை காதிலிருந்து போனை எடுக்காமல் கேட்டுக்கொண்டாள்.

வேறொரு நகரத்திலிருந்து இரவல் மானி வந்து சேர்ந்து, எந்திரத்தைத் திருத்தி ஓட்ட அந்த வாரம் முழுக்க ஆகிவிட்டது. கூடுதல் இருந்தது உண்மைதான். மூன்றுக்குச் சற்றுக் குறைவு. ஆபத்தான எல்லையைத் தொடவில்லை என்றார் இயற்பியலாளர். "ஆனா எல்லைக்குள்ள இருக்குன்னு சொல்றது எனக்கு ஆறுதல். படுத்திருக்கறவங்களுக்கு ஆறுதலான்னு எனக்குத் தெரியாது" என்றும் சொன்னார். விட்டுப்போன நாட்களை ஈடுகட்டத் தம்பிக்குச் சில நாள் காலையும் மாலையும் கதிர் பாய்ச்சினார்கள். அந்த நாட்களில் அவன் தண்ணீர் குடிக்கவே அழுதான் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. கீழ்வீட்டுக் கதவு அவளுக்குச் சாத்தியே இருந்தது. பாத்திரத்தில் கஞ்சி கொண்டுபோய் வாசலில் வைத்தாள். மறுநாள் பாத்திரம் கழுவி, படிக்கட்டில் கவிழ்த்து வைத்திருந்தது. கஞ்சியைக் குடித்தானா, கொட்டினார்களா என்று கேட்க ஆளில்லை. விடியற்காலையில் கீழே செருமல் சத்தமும் இல்லை. அவள் தானாகவே விழித்துக்கொண்டு, இருட்டில் படுத்துக் கிடந்தாள்.

பெட்டியைத் திரும்ப வரைந்தாள். ரெசிஸ்டரைப் பலகையில் ஊன்றாமல் அந்தரத்தில் நிறுத்தினாள். அதைச் சுற்றி ஓர் உலோக வளையம் போட்டு, கசிவு எதுவானாலும் அந்த வளையத்திலேயே வடிந்துபோகும்படி செய்தாள். மொத்தத்தையும் ஈரம் புகாத கூட்டுக்குள் அடைத்தாள். தகடு வழி ஒரு கணக்கும் ரெசிஸ்டர் வழி ஒரு கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் பெட்டி வாயை மூடிக்கொள்ளும்; ஒரு துளியும் தராது. முடித்த பிறகு சோதனை அறையில் ஈரத்துணிகளைக் கொடிகட்டித் தொங்கவிட்டு, வெந்நீர் அண்டாவைக் கொதிக்கவிட்டு, வேர்த்து விறுவிறுக்க அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். "பிக்கோவுக்கு மறை கழண்டுடுச்சு" என்று பட்டறையில் பேசிக்கொண்டார்கள். எண் அசையவில்லை. அதில் அவளுக்குச் சந்தோஷம் என்று பெரிதாக ஒன்றும் வரவில்லை.

தம்பிக்குக் கட்டி கரைந்துவிட்டது. குரல் திரும்பவில்லை. திரும்பியது என்று சொன்னாலும் அது பாதிக் காற்று. சந்தையின் இரைச்சலில் பக்கத்து ஆளுக்குக்கூட எட்டாது. ஏலம் கூற வேறொருவன் வந்தான். தம்பி ஒரு மொத்த வியாபாரியின் கிடங்கில் சரக்குப் பார்க்கப் போனான். குரல் போனதற்குக் காரணம் கட்டியா, கதிரா, கூடப் போன அந்தச் சொச்சமா, நடுவில் விட்ட நாட்களா, ஈடுகட்டப் பாய்ச்சியதா? எந்த டாக்டரும் பிரித்துச் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. வாழ்நாள் முழுக்கத் துளித் துளியாகப் பிரித்து அளந்தவளுக்கு இந்த ஒன்றை மட்டும் பிரித்தெடுக்க வழி இல்லாமல் போயிற்று.

மறு மழைக்காலத்துக்குள் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கியிருந்தது. தண்ணீர் வந்துவிட்டதா, கேட் பூட்டியாயிற்றா என்ற அளவில். ஒருநாள் காலையில் தம்பி மனைவி மாடிக்கு வந்து, கதவுக்கு வெளியே நின்றபடியே, "எனக்குக் காய்ச்சல் அடிக்குது. இன்னைக்கு அவருக்கு செக்கப். நீங்க கூடப் போயிட்டு வர்றீங்களா அண்ணி?" என்றாள்.

"போறேம்மா. நீ போய்ப் படு."

பஸ்ஸில் ஆளுக்கொரு ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். டாக்டரின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது அவன் திரும்பாமலே பேசினான். காற்றில் வந்த குரலைப் பிடிக்க அவள் காதை அவன் பக்கம் சாய்த்தாள்.

"அன்னைக்கு நீ என்கிட்ட கேட்டிருக்கக் கூடாதுக்கா."

"நான் கேட்கல. சொல்லத்தான் வந்தேன்."

"இல்ல. நீ கேட்கத்தான் வந்த. உன் மூஞ்சியப் பார்த்தாலே தெரியாதா எனக்கு?" அவன் நிறுத்தி, எச்சில் விழுங்கினான். "நீ பாட்டுக்கு நேரா போய்ச் சொல்லியிருந்தா, நான் உன்னத் திட்டிட்டு இருந்திருப்பேன். திட்டறது சுலபம். என்கிட்ட வந்ததால நான் அப்படிப் பேச வேண்டியதாப் போச்சு. எதிர்ல அந்த ஸ்கூல் பொண்ணு உட்கார்ந்திருந்துச்சு. அதப் பார்த்துக்கிட்டேதான் சொன்னேன், அப்புறமா சொல்லுன்னு. இத்தனை நாளா உன் முகத்துல முழிக்க முடியாததுக்கு உன் பெட்டி காரணம் இல்ல."

அவள் வாயைத் திறந்தாள். 'பரவாயில்லடா' என்று சொல்ல வந்தாள். அது அவள் சொல்லக்கூடிய சொல் இல்லை என்று தோன்றியது.

"தப்புத்தான்" என்றாள். "உன் தலையில ஏத்தி வச்சுட்டேன்."

அவன் தலையாட்டினான்.

டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். சுத்தமாக இருக்கிறது, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். வெளியே மழை பிடித்திருந்தது. இருவருக்கும் குடை இல்லை. வாசல் கூரையின் கீழ் நின்றார்கள். அவன் ஏதோ சொன்னான்; மழைச் சத்தத்தில் கேட்கவில்லை.

"என்னடா?"

அவன் குனிந்து அவள் காதருகில் வந்தான். "அவளுக்கு மாத்திரை வாங்கணும்னு சொன்னேன். காய்ச்சலுக்கு."

"எதிர்ல கடை இருக்கு, வா" என்று அவள் மழையில் இறங்கினாள். அவனும் இறங்கினான்.